கயிறு பிடித்தவரின் படம்

நான் வேலையை விட்ட அன்று எங்கள் கைத்தொழில் கூடத்தின் தோல் பிரிவில் சின்னதாக ஒரு கூட்டம் வைத்தார்கள். கேக் வெட்டி, டீ கொடுத்து, ஒரு சால்வையும் போட்டார்கள். முடிகிற நேரத்தில் ஜெபா என்ற பெண் எழுந்து, "கிரேஸ் அக்கா, இத்தனை வருஷத்துல நீங்க செஞ்சதுல ஒண்ணே ஒண்ணைத் திரும்பப் பார்க்கலாம்னா எதைப் பார்ப்பீங்க?" என்று கேட்டாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அங்கே முப்பது பேர் இருந்தார்கள். "எல்லாம் நல்ல வேலைதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. கேட்ட நொடியிலேயே கண் முன்னால் வந்துவிட்டது. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம். ஒரு வள்ளம், அதில் நிற்கிற ஒருவர், தண்ணீரில் ஒருவர், இருவருக்கும் நடுவில் ஒரு கயிறு. அது இப்போது யார் வீட்டுச் சுவரில் இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. வாயால் சொல்ல முடியாததை எழுத்தில் சொல்லிப் பார்க்கிறேன். நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சொந்த ஊர் நாசரேத். எழுபதுகளின் நடுவில், பள்ளி இறுதி வகுப்பு முடித்த கையோடு தூத்துக்குடியில் இருந்த இந்தக் கைத்தொழில் கூடத்துக்கு வந்தேன். கூடத்தில் இரண்டு பிரிவுகள். வாசல் பக்கம் பனையோலைப் பிரிவு, அங்கே பேச்சும் சிரிப்பும் ஓயாது. உள்ளே தோல் பிரிவு, அங்கே கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலின் சத்தம் மட்டும்தான். எனக்கு எது பொருந்தும் என்று யாரும் கேட்கவே இல்லை. பார்த்த உடனே உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

வேதாகம உறை, ஆல்பம் அட்டை, சுவரில் மாட்டுகிற படம் இவைதான் எங்கள் வேலை. கப்பலில் வருகிற அதிகாரிகள் வாங்குவார்கள். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத் தோல் திண்டுக்கல்லில் இருந்து வரும். வெறும் தோலாக இருக்கும்போது அது நல்ல கோதுமை மாவின் நிறத்தில் இருக்கும்.

பழகிய இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் ஆறு மாதம் நேர்கோடு. அடுத்த ஆறு மாதம் வளைவு. அதற்குள் ஊருக்கு ஓடிவிட வேண்டும் என்று பத்துத் தடவை நினைத்திருப்பேன். கிணற்றுத் தண்ணீரைத் தொட்டுத் தோலை நனைத்துவிட்டு, அதை எடுக்க ஒரு நாள் முழுவதும் நல்ல தண்ணீரில் பஞ்சைப் பிழிந்து ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த ஊர்க் கிணற்றில் உப்பு அதிகம். நனைக்கும்போது ஒன்றும் தெரியாது. காய்ந்த பிறகு படத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். குடிக்கிற தண்ணீர்தான் தோலுக்கும். இன்னொரு நாள் கையில் போட்டிருந்த இரும்பு வளையலோடு ஈரத் தோலில் கை வைத்துவிட்டேன். பட்டை போட்ட தோல் ஈரமாக இருக்கையில் இரும்பு பட்டால் மை கொட்டியது போல் நீலமாகக் கறை விழும். எலுமிச்சம்பழச் சாறு போட்டுத் தேய்த்தால் பாதி போகும். மீதி பாதி அன்றைக்கு என் முகத்தில் இருந்தது.

எங்கள் மேற்பார்வையாளர் தங்கையா சார். வெள்ளை அரைக்கைச் சட்டை, மேல் பையில் ஒரு எலும்புத் தகடு. பேனா இருக்காது. சத்தம் போட்டு அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். தப்பான வேலையைக் கையில் எடுப்பார், தலைகீழாகத் திருப்பி நம் முன்னால் வைப்பார், "பாரு" என்பார். அப்படியே போய்விடுவார். நேராக வைத்தபோது நம் கண்ணுக்குத் தெரியாத கோணல் எல்லாம் தலைகீழாக வைத்ததும் பல்லைக் காட்டும். எங்கே தப்பு என்று நாமே கண்டுபிடித்துப் போய்ச் சொல்லும் வரை அவர் அந்தப் பக்கம் வரவே மாட்டார். ஓலைப் பிரிவுப் பெண்கள், "உங்க சாரு வீட்டுலயும் சோத்துத் தட்டத் தலைகீழாத் திருப்பித்தான் பார்ப்பாரோ?" என்று கேலி செய்வார்கள்.

தோலில் படம் வெட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது.

தோலைப் பஞ்சால் நனைத்து, ஈரத் துணியில் சுற்றி, ஈரம் உள்ளே இறங்கும் வரை வைக்க வேண்டும். பிறகு பிரித்துக் காற்றாட விட வேண்டும். எப்போது பதம் என்று தெரிய ஒரே வழி கன்னம்தான். தோலைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். கண்ணுக்குக் காய்ந்தது போல் இருக்க வேண்டும், கன்னத்துக்குக் குளிர வேண்டும். அதுதான் நேரம். மெழுகுத்தாளில் வரைந்த படத்தைத் தோல் மேல் வைத்து எலும்பு முனையால் கோடுகளின் மேல் லேசாக ஓட்டினால் தோலில் தடம் விழும். அந்தத் தடத்தில் கத்தி போட வேண்டும். பாதிக் கனத்துக்கு மேல் இறங்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் பித்தளை முளைகளை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி, ஒரு பக்கம் அமுக்கி, ஒரு பக்கம் தூக்கி, படத்தை எழுப்புவது.

எலும்பு முனைத் தடம் வரைக்கும் மன்னிப்பு உண்டு. மறுபடி நனைத்து, எலும்புத் தகட்டால் நீவினால் தடம் மறைந்துவிடும். கத்தி போட்டுவிட்டால் இல்லை. அந்தக் கோடு அந்தத் தோல் இருக்கும் வரை இருக்கும்.

ஈரத் தோலில் கத்தி இறங்குகிற அந்த உணர்வை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. சத்தமே இருக்காது. வாய் மூடினபடி யாரோ 'உம்' என்று சொல்வது போல விரலுக்குத் தெரியும். இப்போது என் வலது மணிக்கட்டு போய்விட்டது. கத்தி பிடிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் ஐம்பத்துமூன்று வயதிலேயே வேலையை விட்டேன். காலையில் காய் நறுக்கும்போது சில நேரம் கத்தியை நிறுத்திவிட்டு அந்த உணர்வு வருகிறதா என்று பார்க்கிறேன். பூசணிக்காயில் கொஞ்சம் வரும். மற்றதில் வராது.

லூர்தம்மாள் அக்கா ஓலைப் பிரிவில் இருந்தார். பெட்டி முடைவதில் அவர் கை வேகம் யாருக்கும் வராது. கடற்கரைத் தெருக்காரர். அவர் வீட்டுக்காரர் மிக்கேல் ஒரு காலத்தில் முத்துக்குளித்தவர். கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த வருஷம் காது கெட்டு, அதோடு கடலை விட்டவர். இதெல்லாம் எனக்கு முதலிலேயே தெரியும். அவர்களுக்கு ஒரே மகள், பிலோமினா. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் லூர்தம்மாள் அக்கா என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏளா கிரேசு, எனக்கு ஒரு படம் செஞ்சு தருவியா?"

"என்ன படம் அக்கா? மாதா படமா?"

"மாதா எங்க வீட்டுல நாலு பேர் இருக்காங்க. எனக்கு எந்தம்பி வேணும்."

அவர் சொன்னது இது. தம்பி பெயர் சூசை. கல்யாணம் செய்துகொள்ளாத ஆள். துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டுகிறான். ஒரே ஊர், நாலு தெரு தள்ளித்தான் வீடு. ஆனால் பதினேழு வருஷமாக அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தினமும் காலையில் அவன் சைக்கிள் இந்தத் தெரு வழியாகத்தான் போகும். செயின் உரசுகிற சத்தத்தை வைத்தே அவன் என்று இவருக்குத் தெரியும். சத்தம் வாசலுக்கு வரும்போது மெதுவாகும், நிற்காது, போய்விடும்.

"மாதா கோயில் திருவிழாவுல தேருக்கு அந்தப் பக்கம் அவன் நிப்பான், இந்தப் பக்கம் நான் நிப்பேன். தேரு நகந்ததும் பார்த்தா ஆளக் காணாது. பிலோமினா தொட்டில்ல கிடந்தப்பம் பார்த்தது அவன். இப்பம் அவளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாம எப்படிளா அவளைக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போவேன்?"

"என்ன சண்டை அக்கா?"

"கடல்ல நடந்தது. கடலோட போயிருக்கணும். கரைக்குக் கொண்டுவந்துட்டாங்க." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. முத்துக் குளிக்கிறவன் கனத்துக்குக் கட்டிய கல்லில் கால் வைத்துக் கீழே இறங்கும்போது, அவன் இடுப்பில் கட்டிய கயிறு வள்ளத்தில் இருக்கிற ஒருவர் கையில் இருக்கும். அந்தக் கயிற்றை மச்சான்மாரிடம்தான் கொடுப்பார்கள். சொந்த அண்ணன் தம்பியிடம்கூடக் கொடுக்க மாட்டார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலியறுக்க எந்த மச்சானும் விட மாட்டான் என்ற நம்பிக்கைதான். மிக்கேல் கடலில் இறங்கிய காலமெல்லாம் மேலே கயிறு பிடித்தவர் சூசை. அந்த இருவரும் அப்படி இருந்ததைப் படமாகச் செய்து, கல்யாணப் பத்திரிகையோடு கொண்டுபோய்த் தம்பியின் கையில் கொடுக்க வேண்டும் என்பது லூர்தம்மாள் அக்காவின் எண்ணம். போட்டோ ஒன்றும் கிடையாது. "வெறுங்கையோட போனா கதவு சாத்துவான். நான் பேசினா காதைப் பொத்துவான். படத்தைப் பார்க்காம இருக்க முடியாதுல்லா" என்றார்.

தங்கையா சாரிடம் கேட்டேன். அலமாரியில் இருந்து ஒரு தோலை எடுத்துக் கொடுத்தார். "இந்த அளவுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. அடுத்த கட்டு வர ரெண்டு மாசமாகும்" என்றார். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

நான் உள்நாட்டுக்காரி. தோணியைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன், ஏறினதில்லை. அக்கா சொல்லச் சொல்ல வரைந்தேன். வள்ளத்தின் முனை எப்படித் தூக்கி இருக்கும், கல் எப்படி இருக்கும், சிப்பி போடுகிற வலைக்கூடை எப்படி இருக்கும் என்றெல்லாம் சொன்னார். "எந்தம்பிக்குக் காது விடைச்சுட்டு நிக்கும். அதை விட்டுராத. அது இல்லேன்னா அவன் இல்ல." மேலே வள்ளம், அதில் கால் பரப்பி நின்று இரண்டு கையாலும் கயிறு பிடித்திருக்கிற சூசை. கீழே கடலடியில் பாறைமேல் குனிந்து சிப்பி எடுக்கிற மிக்கேல். நடுவில் கயிறு. சாரும் வரைபடத்தைப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பவில்லை. "வெட்டு" என்றார்.

கத்தி போடும்போது மேலிருந்து தொடங்கினேன். வள்ளம் முடித்தேன். ஆளை முடித்தேன், காது உட்பட. பிறகு கயிறு. வளைவு பழகின கை என் கை. நேர்கோடு படத்தைச் சாகடித்துவிடும் என்பது எங்களுக்கெல்லாம் ஊறிப்போன பாடம். கொடி என்றாலும் சரி, ரிப்பன் என்றாலும் சரி, வளைந்து இறங்க வேண்டும். கயிற்றையும் அப்படியே இறக்கினேன். சூசையின் கையில் தொடங்கி, வள்ளத்தின் விளிம்பைத் தாண்டி, தண்ணீருக்குள் அழகாக வளைந்து போயிற்று. முறுக்குகூட ஒவ்வொன்றாக வெட்டினேன். நடுத் தண்ணீர் வரை வந்ததும் அன்றைய பொழுது முடிந்தது. அவ்வளவு சந்தோஷமாக வேலையை நிறுத்திய நாள் எனக்கு அதற்கு முன் இல்லை.

மறுநாள் காலையில் லூர்தம்மாள் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலில் காதைப் பார்த்துச் சிரித்தார். "அப்படியே இருக்காம்ளா!" என்று தோலின் மேலேயே அந்தக் காதை ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம் கண் கீழே இறங்கியது. சிரிப்பு நின்றது.

"கிரேசு, இந்தக் கயித்த இப்படிப் போடச் சொல்லி யாரு சொன்னா?"

"நானாத்தான் போட்டேன் அக்கா. நல்லா இல்லையா?"

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகுதான் அந்த நாளைச் சொன்னார்.

கீழே இருப்பவன் மூச்சு முட்டும்போது கயிற்றைச் சுண்டி இழுப்பான். அந்த இழுப்பு மேலே இருக்கிற கைக்குத் தெரிய வேண்டும் என்றால் கயிறு எப்போதும் பதமான இறுக்கத்தில் இருக்க வேண்டும். தொய்ந்து கிடந்தால் கீழே உயிரே போனாலும் மேலே தெரியாது. அன்றைக்கு மிக்கேல் கீழிருந்து மூன்று தடவை இழுத்திருக்கிறார். மேலே யாரும் தூக்கவில்லை. தூக்க ஆள் இல்லாமல், தானாக உதைத்து மேலே வந்திருக்கிறார். மூக்கிலும் காதிலும் ரத்தம். கரைக்கு வந்ததும், ஊர்க்கூட்டம் நிற்க, ஒரு வார்த்தைதான் சொன்னாராம்: "கயிறு தொய்ஞ்சு கிடந்துச்சு."

சூசை அந்த இடத்திலிருந்து நடந்து போனவர்தான்.

"அந்த வார்த்தைய அவன் மறக்கணும்னு நான் பதினேழு வருஷமா மாதாட்ட கேக்கேன். நீ அதைத் தோல்ல வெட்டி வச்சிருக்க. இதக் கொண்டுபோய் அவன் கையில குடுத்தா, 'நீ செஞ்சது இதுதாம்லே'ன்னு நாங்க சொல்லுத மாதிரி இருக்கும்ளா."

அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து ஓலைப் பிரிவுக்குப் போய்விட்டார். அன்று முழுவதும் அங்கிருந்து பேச்சுச் சத்தம் வரவில்லை.

தோலைத் தூக்கிக்கொண்டு தங்கையா சாரிடம் போனேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் தோலைத் தலைகீழாகத் திருப்பினார். "பாரு" என்று சொல்வார் என்று நினைத்தேன். தானே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும்தானே பார்த்தேன்" என்றார். அவரிடமிருந்து நான் கேட்ட வார்த்தைகளில் அது ஒன்றுதான் எனக்காகச் சொன்னது போல் இருந்தது.

"கயித்தை இறுக்கமா மாத்த வழி இருக்கா சார்?"

"இல்ல."

"வேற தோலு?"

"இல்ல." தோலைத் திருப்பி நேராக வைத்து, "வெட்டினதை விடு. வெட்டாதது எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்று கேட்டார்.

கயிற்றின் பாதி வெட்டவில்லை. கீழே பாறை வெட்டவில்லை. மிக்கேலுக்கு எலும்பு முனைத் தடம் மட்டும்தான் இருந்தது.

"அப்பம் அங்க இருந்து யோசி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த மதியம் நான் சாப்பிடவில்லை. யோசித்தேன் என்று சொல்ல முடியாது, பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஓலைப் பிரிவுக்குள் நானாக நடந்து போனேன். இருபது பெண்கள் ஓலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"அக்கா, கயிறு எப்பவுமே இறுக்கமாத்தான் இருக்குமா? தொய்ஞ்சு கிடக்கிற நேரமே கிடையாதா?"

"ஆள் கீழ இருக்கையில கிடையாது."

"மேல வந்துட்டா?"

"மேல வந்துட்டா தொய்ஞ்சுதானே போகும்? ஆள்தான் வந்துட்டாம்லா, இனி என்னத்துக்கு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். கையில் இருந்த ஓலையைக் கீழே வைத்தார். "ஏளா!" என்றார்.

மிக்கேலைக் கடலடியில் இருந்து மேலே கொண்டுவந்துவிட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் குளித்து மேலே வந்தவன் வள்ளத்தை எப்படிப் பிடிப்பான் என்று எனக்குத் தெரியாது. "அவருகிட்டயே கேட்டுட்டு வாரேன்" என்று லூர்தம்மாள் அக்கா போனார். படத்தைப் பற்றி வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் வந்து நடந்ததை நடித்தே காட்டினார்.

"'தண்ணிக்குள்ளருந்து வந்ததும் வள்ளத்த எப்படிப் பிடிப்பீரு?'ன்னு கேட்டேன். 'என்னத்துக்குளா?'ன்னாரு. 'சும்மா, தோணிச்சு'ன்னேன். ஒரு மாதிரி பார்த்தாரு. அப்புறம் கட்டில் சட்டத்துல இப்படி முழங்கையைப் போட்டாரு." என் பெஞ்சுக்குக் கீழே தரையில் குந்தி, ஒரு முழங்கையை பெஞ்சின் மேல் மடித்துப் போட்டார். மற்றக் கையால் மூக்கைத் தொட்டார். "இந்தக் கை மூக்குல மாட்டுன கொம்புக் கவ்வியக் கழட்டும். மொதல்ல மூச்சு. அப்புறம்தான் பேச்செல்லாம். காட்டிட்டு, கையை எடுக்காம ரொம்ப நேரம் அப்படியே இருந்தாருளா."

அவர் அப்படிக் குந்தி இருக்கும்போதே தாளில் வரைந்துகொண்டேன். "சீக்கிரம் போடு, முட்டி வலிக்கி" என்றார். ஓலைப் பிரிவில் இருந்து எட்டிப் பார்த்த ஒருத்தி, "லூர்தக்கா முத்தெடுக்காங்க, எல்லாரும் வாங்களா!" என்று கத்தினாள். ஒரு நாள் கழித்து அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

கீழே இருந்த தடத்தை நனைத்து நீவினேன். முழுதாகப் போகவில்லை. குனிந்த முதுகு மட்டும் சாய்வாகப் பார்த்தால் தெரிந்தது. அதன் மேல் பாறை வைத்தேன், சிப்பிகளைக் கொத்தாக வைத்தேன். தொய்ந்த கயிற்றை நடுத் தண்ணீரில் இருந்து திருப்பி, மேலே கொண்டுவந்து, வள்ளத்தை ஒட்டி மிதக்கிற மிக்கேலின் இடுப்பில் கட்டினேன். முழங்கையை விளிம்பில் போட்டேன். கல்லை வள்ளத்துக்குள் ஏற்றினேன். பன்னிரண்டு நாள் ஆயிற்று. படத்தில் தண்ணீரைத் தட்டி எழுப்பும்போது தங்கையா சார் தினமும் ஒரு தடவை வந்து, தோலை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார். அந்தப் பன்னிரண்டு நாளும் காலையில் கூடத்தின் கதவு திறப்பதற்கு முன்பே நான் வாசலில் நின்றேன். அப்படி ஒரு காத்திருப்பு பிறகு எனக்கு எந்த வேலையிலும் வரவில்லை. அதற்குத்தான் இன்னும் ஏங்குகிறேன் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு போவதென்று லூர்தம்மாள் அக்கா முடிவு செய்தார். "நீயும் வா" என்றார்.

"நான் எதுக்கு அக்கா?"

"வேத்து வீட்டுப் பிள்ளை நின்னா அவன் கதவைச் சாத்த மாட்டான். நீ வாயே திறக்காண்டாம். அதான் உனக்கு நல்லா வருமே."

படத்தை வெள்ளைத் துணியில் சுற்றி நான் தூக்கிக்கொண்டேன். அவர் வெற்றிலைத் தட்டையும் பத்திரிகையையும் பிடித்துக்கொண்டார். நாலு தெருதான். அவர் நடந்த நடையில் நாற்பது தெரு போல் இருந்தது.

ஒற்றை அறை ஓட்டு வீடு. கதவு திறந்திருந்தது. சூசை அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மண்ணெண்ணெய் அடுப்பில் கஞ்சி. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "இது யாரு?" என்றார்.

"எங்ககூட வேலை பாக்குத கிரேசு. நாசரேத்துப் பிள்ளை" என்றார் அக்கா. அவர் குரல் அவர் குரலாகவே இல்லை. தட்டை நீட்டினார். சூசை அண்ணாச்சி வாங்கவில்லை. நான் துணியைப் பிரித்தேன்.

அண்ணாச்சி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். நான் செய்ததிலேயே அவ்வளவு நேரம் யாரும் எதையும் பார்த்ததில்லை.

"காது எங்காது மாதிரி இருக்கு."

"உங்காதுதாம்லே" என்றார் அக்கா.

அண்ணாச்சியின் விரல் படத்துக் கையில் இருந்து கயிற்றுக்கு வந்தது. விளிம்பைத் தாண்டியது. தண்ணீருக்குள் இறங்கியது. நின்றது.

"கயிறு தொய்ஞ்சிருக்கு" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. யாராவது பேச வேண்டும், பேச வேறு ஆள் இல்லை.

"அவங்க மேல வந்துட்டாங்க அண்ணாச்சி" என்றேன். "அதான்."

விரல் வளைவோடு போயிற்று, திரும்பி மேலே ஏறியது, மிக்கேலின் இடுப்பைத் தொட்டது, முழங்கையில் நின்றது.

"இப்படித்தான் போடுவாரு, முழங்கைய" என்றார். அக்காவைப் பார்க்காமல், படத்தைப் பார்த்தே பேசினார். "அன்னைக்கும் இப்படித்தான் வந்து போட்டாரு. பக்கத்து வள்ளத்துல எவனோ சத்தம் போட்டான்னு திரும்பிப் பார்த்தேன். ஒரு நிமிஷம் இருக்காது. அதுகூடப் பெருசில்லக்கா. அவரு மேல வந்துட்டாரு. காதுல ரத்தம். தூக்கிவிட ஒரு கை கொடுத்திருக்கணும். எனக்குக் கை வரல. கயித்தைப் பிடிச்சுட்டே நின்னேன், இந்தா இவன மாதிரி. கயிறு தொய்ஞ்சதுக்கில்ல, அதுக்குத்தான் எனக்கு அங்கன வர முகம் இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளே, இந்த ஒரு கையை மட்டும் அவரப் பார்த்து நீட்டுத மாதிரி மாத்த முடியுமா?"

முடியும் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! "முடியாது அண்ணாச்சி. கத்தி போட்டாச்சு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். படத்தை என் கையில் திரும்பக் கொடுத்தார்.

"சரி. அப்பம் அந்தக் கைய நேர்ல போய்த்தான் கொடுக்கணும்."

ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். பொத்தான் போட்டுக்கொண்டே வாசலை இறங்கி நடந்தார். சைக்கிளைக்கூட எடுக்கவில்லை. லூர்தம்மாள் அக்கா தட்டைத் தரையில் வைத்துவிட்டு, "ஏலே, நில்லுலே! சூசை!" என்று செருப்பில்லாமல் பின்னால் ஓடினார்.

அந்த வீட்டில் நான் மட்டும் இருந்தேன். கதவைத் திறந்துபோட்டு எப்படிப் போவது? பூட்டு எங்கே இருக்கிறதென்றும் தெரியாது. கஞ்சி பொங்கி வந்தது. அடுப்பை அணைத்து இறக்கி வைத்தேன். மிச்ச வெங்காயத்தை உரித்து வைத்தேன். பிறகு படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து எதிரே உட்கார்ந்தேன். செய்கிறபோது நாங்கள் படத்தைப் பார்ப்பதில்லை, தப்பைத்தான் பார்ப்போம். முடிந்ததும் யாராவது வாங்கிப் போய்விடுவார்கள். ஒரு படத்துக்கு எதிரே வேலை எதுவும் இல்லாமல் நான் உட்கார்ந்திருந்தது அந்த ஒரு நாள்தான். வெயில் சாயச் சாய, தட்டி எழுப்பிய அலைகளின் நிழல் ஒவ்வொன்றாக நீண்டது. பாறைக்கு அடியில் நான் நீவி மறைத்த அந்தக் குனிந்த முதுகு லேசாகத் தெரிந்து, மறுபடி மறைந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்து வாசலுக்கு வந்தேன். அக்கா, அண்ணாச்சி, நடுவில் மிக்கேல், மூன்று பேராக வந்துகொண்டிருந்தார்கள்.